சர்க்கரை அடித்த அடி

ஜனவரி 18, சனி

முந்தாநாள் என் வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக ஆடு வெட்டுகிறேன், என் மேல் ஒருத்தர் கத்தி வைப்பது இதுதான் முதல் தடவை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டி, என்னைப் பார்க்கவே விடவில்லை. இன்று கட்டுப் பிரித்தபோதுதான் பார்த்தேன். எலும்பை நொறுக்காமல் மூட்டுப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். தொழில் தெரிந்த கை. தவசியும் இருக்கிறானே, என் பெண்டாட்டியின் தம்பி! பன்னிரண்டு வருஷமாக என் கடையில் கத்தி பிடிக்கிறான், இன்னும் சில்லுத் தெறிக்காமல் ஒரு தொடையைத் துண்டு போடத் தெரியாது.

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஹெலன் டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். "என்ன சாப்பிட்டீங்க, எப்பிடி இருந்தீங்க, சுகரு எம்புட்டு, எல்லாம் ஒளிக்காம எழுதுங்க வீரணன்" என்றார். எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? திருமங்கலத்தில் வீரணன் கறிக்கடை என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிபந்தனை போட்டாள். நான் படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்துப் போடுகிறாள். "டாக்டரம்மா சொல்றபடி நான் ஆக்கிப் போடுறேன். புண்ணத் தொடைக்கிறேன். ஒங்க காலக் காப்பாத்திக் குடுக்குறேன். ஆனா இனிமே ஒரு தடவ கை நீட்டுனீங்கன்னா, அன்னிக்கே கெளம்பித் தாமரை வீட்டுக்குப் போயிருவேன். திரும்ப வரமாட்டேன்." தாமரை எங்கள் ஒரே மகள், சிவகாசியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

என்னமோ நான் தினமும் அடிக்கிறவன் மாதிரிப் பேசுகிறாள். பக்கத்துக் கட்டில்காரன் காதில் விழப்போகிறது என்று "சரி சரி" என்றேன்.

ஜனவரி 20

டாக்டரம்மா வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இப்பிடியே போனா அடுத்து பாதம் போகும். அதுக்கடுத்து முழங்காலு. கறி, முட்டை, பாலு, நெய்யி எல்லாத்தையும் நிறுத்துங்க. செடியில கொடியில விளையிறத மட்டும் சாப்பிடுங்க. மூணு மாசம் பாப்போம்."

"டாக்டரம்மா, நான் கறிக்கடைக்காரன்."

"கடைதான வச்சிருக்கீங்க? வயிறுமா கடை வச்சிருக்கு?"

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பேன்.

"இதுல சுகரு ஒரேயடியா ஓடிப்போயிரும்னு நெனைக்காதீங்க. சாப்பாடு மாறினா நல்லா இறங்கும், புண்ணு ஆறும். ஆனா அது இறங்க இறங்க மாத்திரையையும் குறைக்கணும். அத நான்தான் குறைக்கணும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போகணும், என்ன?" என்றார். தலையாட்டினேன்.

ஜனவரி 23

வீட்டுக்கு வந்தாச்சு. செடியில் விளைந்ததைத் தின்னலாம் என்றால் இதென்ன பெரிய தண்டனை? காலையில் பூரி, உருளைக்கிழங்கு மசால். பத்து மணிக்கு மலைவாழைப்பழம் நாலு. மதியம் ஆவி பறக்கச் சோறு, சாம்பார், அப்பளம். சாயங்காலம் பொங்கலுக்கு வாங்கிய கரும்பு மூலையில் காய்ந்துகொண்டு கிடந்தது, அதையும் கடித்துத் துப்பினேன். கரும்பு புல் சாதி. எந்தப் படித்தவனும் இல்லை என்று சொல்ல முடியாது.

"ஏங்க, இம்புட்டு வேணாங்க" என்று பஞ்சவர்ணம் இழுத்தாள். "நீ டாக்டருக்குப் படிச்சியா?" என்றேன்.

ஜனவரி 27

சுகர் முந்நூற்றி எண்பது.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மைதாவும் தீட்டுன அரிசியும் செடியில வந்ததுதான், ஆனா மில்லுக்குள்ள பூந்து வந்தது. அது ஒடம்புக்குச் சீனி மாதிரி." கேப்பை, குதிரைவாலி, பச்சைப்பயறு, மொச்சை, கொள்ளு, கீரை, புடலங்காய், வெண்டைக்காய். பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குப் பயறு, மிச்சத்துக்குத்தான் களியோ சோறோ. காது குளிரக் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து ஆட்டோக்காரன் வாடகை கூடக் கேட்டான் என்று சட்டையைப் பிடித்து உலுக்கியதில் அவன் பொத்தான் ரெண்டு என் கையோடு வந்தது. பாவம், அவனுக்கு எதற்கு என்று தெரிந்திருக்காது.

மதியம் கேப்பைக் களி. வெஞ்சனத்துக்கு அகத்திக்கீரை.

அகத்திக்கீரை! ஆடு அறுக்கிறதுக்கு முந்தின நாள் நான் கட்டுகிற குழை அது. நல்ல பசியோடு ஆவலாய்த் தின்னும். நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று அதற்குத் தெரியாது. அதையே என் தட்டில் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? தட்டு கை தவறிச் சுவரில் பட்டது.

பஞ்சவர்ணத்தின் நெற்றியில் ஒரு கீறல். தட்டு எங்கே போய்த் தெறிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இது கை நீட்டியது ஆகாது. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி களி கிண்டினாள். தின்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடைக்குப் போனேன். நாற்காலி போட்டு, காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வியாபாரம். தவசி வெட்டினான். சுவரொட்டியைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவி முதல் துண்டை என்னிடம் நீட்டினான். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிவதே எனக்கு அதில்தான். ஆட்டு மண்ணீரல், ரத்தம் ஊறும் என்று அப்பா ஊட்டிப் பழக்கியது.

"வேணாம்டா."

"ஒரு துண்டு மச்சான். அக்காவுக்குத் தெரியாது."

ஓங்கி ஒரு அறை விட்டேன். என் காலை எடுக்கப் பார்க்கிறானா இவன்? பிறகு அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெட்டினான். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மத்தியானம் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 11

வள்ளலார் தினம். கறிக்கடை எல்லாம் அடைப்பு.

சும்மா இருக்க முடியாமல் பஞ்சவர்ணத்தோடு காய் வாங்கப் போனேன். தள்ளுவண்டிக்காரர் என்னைப் பார்த்து, "என்ன முதலாளி, ஆடு திங்கிறத நீங்க தின்னுட்டா ஆடு என்னத்தத் திங்கும்?" என்று கேட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். ஒரு உதை. வண்டி சாய்ந்து தக்காளி ரோடு பூராவும் உருண்டது. மேலே ஒரு லாரி ஏறிப்போனது.

உதைத்தது புண் இருக்கிற கால் என்பது உதைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தையல் விட்டு ரத்தம் வந்துவிட்டது. பஞ்சவர்ணம் நடுரோட்டில் குத்தவைத்து முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "அந்த மனுசன் காசுக்கு என்ன பண்ணுவாரு?" என்று அவருக்காக அழுதாள். என் காலுக்கு அழவில்லை.

பிப்ரவரி 20

சாப்பாட்டுக்கு முன்னால் நூற்றி நாற்பது! எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, இந்த நம்பரை நான் கண்ணால் கண்டதில்லை. புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல். பஞ்சவர்ணம் சுகர் பார்க்கிற மிஷினை என் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். கீரைக்கு இம்புட்டு வேலை தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். நன்றாக இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும்? நான் போகவில்லை. மாத்திரை இருக்கிறது, காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. களியையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். குறைக்கக் குறைக்கத்தானே இறங்குகிறது. இதை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 3

நேற்று நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். பாதி எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். காலையில் மாத்திரை ரெண்டு, வெள்ளரிக்காய் ஒன்று. கஞ்சி தூக்குவாளியிலேயே இருந்தது, குடிக்க நேரமில்லை. கால் தேவலை என்பதால் நானே கத்தியை எடுத்தேன். ஒரு கிடாய் முடித்து அடுத்ததை உரித்துக்கொண்டிருந்தேன். வேர்த்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. எதிரே நிற்கிறவர்களின் வாய் அசைகிறது, என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது. இதுவரைதான் எனக்குத் தெரியும்.

தவசி, "மச்சான், கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, கத்தியக் குடுங்க, உக்காருங்க" என்று கையை நீட்டினானாம். நான் அந்தக் கையிலேயே வெட்டிவிட்டேனாம். முழங்கைக்குக் கீழே, நல்ல ஆழம். அவன் கத்தக் கத்த மறுபடியும் ஓங்கினேனாம். வாங்க வந்தவர்கள் பைகளைப் போட்டுவிட்டு ஓட, எதிர்க்கடை ஆட்கள் பின்னால் வந்து அமுக்கி, ஆட்டுக் கயிற்றாலேயே என்னைத் தூணோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். பஞ்சவர்ணம் ஓடிவந்து, கட்டிய கையில் விரலைத் தேடிக் குத்திப் பார்த்தாள். நாற்பத்தி ஒன்று.

சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாளாம். விழித்தபோது எனக்கு முதலில் தெரிந்தது கயிறு. கழுத்துக்குக் கீழே ஆட்டு வாசனை. கீழே சிமெண்டுத் தரையில் ரத்தம், எது ஆட்டுடையது, எது தவசியுடையது என்று தெரியவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று டாக்டரம்மாவிடம் செம டோஸ். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வாங்கன்னு சொன்னேனா இல்லையா? சாப்பாடு சரியாயிருச்சு, மாத்திரை பழைய அளவுலயே இருக்கு. இறங்காம என்ன செய்யும்? மூளைக்குச் சக்கரை போகலைன்னா மனுசனுக்குத் தான் என்ன செய்றோம்னே தெரியாது. சண்டை போடுவான், அடிப்பான், அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது." மாத்திரையை வேளைக்கு ஒன்றாகக் குறைத்தார். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது, பட்டினி கிடந்து வீரம் காட்டக்கூடாது.

பக்கத்து வார்டில் தவசி கையில் தையலோடு படுத்திருந்தான். போலீஸ்காரரிடம், "கை தவறிருச்சு சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். என்னைப் பார்த்து, "நீங்களா வெட்டுனீங்க மச்சான்? சுகருல்ல வெட்டுச்சு" என்றான். அவன் காலைத் தொட்டேன். பதறிப்போய் இழுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது பஞ்சவர்ணம் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். கப்பலூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, தாமரை வயித்துல இருக்கயில ஒரு நாளு என்னைய மிதிச்சீங்கள்ல... அதுவும் சுகராத்தான் இருந்திருக்குமோ?"

எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம். தாமரைக்கு வயது இருபத்திமூன்று. இந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"இருக்கும்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவள் என் மேல் சாய்ந்ததே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஊருக்கே தெரிந்துவிட்டது. முன்னெல்லாம் "கோவக்காரன்" என்பார்கள், இப்போது "பாவம், சுகரு" என்கிறார்கள். காலையில் ஒருத்தர் எலும்பு அதிகம் என்று தகராறு செய்தார். கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "அண்ணே, நமக்குச் சுகர் இறங்குற நேரம், பாத்துப் பேசுங்க" என்றேன். பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

தள்ளுவண்டிக்காரரும் தக்காளி விஷயத்தை மறந்துவிட்டார். பஞ்சவர்ணம்தான் ரகசியமாகப் போய் அதற்குச் சுகர்மேல் பழியைப் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 12

காலை 118. குதிரைவாலிச் சோறு, மொச்சைக் குழம்பு. கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு, கருவாடு இல்லாமலே கருவாட்டுக் குழம்பு வாசனை வரவைத்துவிடுகிறாள். கைப்பக்குவம் என்றால் அவள்தான்.

மார்ச் 21

தாமரை போன் போட்டாள். பங்குனிப் பொங்கல் வருகிறது, அம்மாவைப் பத்து நாள் அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாள். பஞ்சவர்ணத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. அவள் இல்லாமல் எனக்கு யார் ஆக்கிப் போடுவது, யார் கட்டுக் கட்டுவது? அதைக் கொஞ்சமாவது யோசித்தாளா? போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு அறை கொடுத்தேன்.

அவள் கன்னத்தைப் பிடிக்கவில்லை. கதவைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணிப்பையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கும் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் எனக்கு மயக்கம் போல வந்தது. கை நடுங்கியது. நடுங்கியது என்றுதான் நினைக்கிறேன். "பஞ்சு, சுகரு..." என்று சுவரோடு சரிந்தேன்.

ஓடினாள். சீனி டப்பா உருண்ட சத்தம் கேட்டது. அழுதுகொண்டே, "குடிங்க, குடிங்க, ஒண்ணுமில்ல, நான் எங்கயும் போகல" என்று டம்ளரை வாயில் வைத்தாள். முழுசும் குடித்தேன். இத்தனை நாளைக்குப் பிறகு தித்திப்பு. தொண்டையில் இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் குத்திப் பார்த்தாள். இருநூற்றி முப்பத்தி ஆறு. ரொம்ப நேரம் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீனித் தண்ணி குடிச்சா ஏறத்தான செய்யும்?" என்றேன். "ஆமாங்க" என்று மிஷினைத் துடைத்தாள்.

மார்ச் 22

மிஷினை அலமாரியில் காணோம். இப்போதெல்லாம் அதை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறாள். எனக்கு எப்போது என்ன ஆகுமோ என்ற பயம். இப்படி ஒரு பெண்டாட்டி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 7

ஜெயித்துவிட்டேன்! மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பதினொன்றில் இருந்தது, ஆறே முக்காலுக்கு வந்திருக்கிறது. புண் மூடிவிட்டது. டாக்டரம்மா நர்சுகளைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினார். "கறிக்கடைக்காரரே கறிய விட்டுட்டு இப்பிடிக் கொண்டாந்திருக்காரு" என்று எல்லோரிடமும் சொன்னார். வாசலில் ஒரு பாட்டியம்மா என் காலைத் தொட்டுப் பார்த்தார், கோயில் சிலையைத் தொடுவது போல. டாக்டரம்மா மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார், இனி நாளைக்கு ஒன்றே ஒன்று.

கிளம்பும்போது பஞ்சவர்ணம் கதவருகே நின்றுவிட்டாள்.

"டாக்டரம்மா, இனி இவுகளுக்குக் கோவம் வராதுல்ல?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். அவள் நெற்றித் தழும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சுகரு இறங்குனா வர்ற கோவம் வராதும்மா. இந்த மாத்திரைக்கு அப்பிடி இறங்காது" என்றார்.

"அது போதும்" என்றாள் இவள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். வைத்துக்கொண்டு ரெண்டு தடவை கண்ணாடிக் கடையில் பார்த்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோயில் கறி விருந்து. ஆம்பிளைகள் மட்டும் போவது, வெட்டுவது, ஆக்குவது, அங்கேயே தின்றுவிட்டு வருவது. கிடாய் வெட்டுவது என் உரிமை, அப்பா காலத்திலிருந்து. ஒரே வெட்டில் விழவேண்டும், இழுபறி ஆனால் குடும்பத்துக்கே அவப்பேர். இருபத்தியொரு கிடாயும் ஒரே வெட்டு. கை கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

பந்தியில் உட்கார்ந்தேன். நான் கறி தின்பதில்லை என்று வெறும் சோறும் ரசமும் கேட்டேன். என் பெரியப்பா மகன் பரிமாறிக்கொண்டு வந்தவன், வாசலில் ஆட்டுக்குக் கட்டி மிச்சமிருந்த அகத்திக் குழையை ஒடித்து என் இலையில் போட்டான். "எங்க அண்ணனுக்குப் பொண்டாட்டி இதத்தான் கட்டிப் போட்டு வளக்குது. அடுத்த வருசம் இருபத்திரெண்டு" என்றான். பந்தியே உருண்டு சிரித்தது. பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். கையில் அரிவாள் இல்லை, கழுவி வைக்கக் கொடுத்திருந்தேன். அது அவன் நல்ல நேரம். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் பஞ்சவர்ணம் தட்டை வைத்தாள். "கோயில்ல நீங்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீகன்னு தெரியும். அதான் சுடச்சுட" என்றாள். கேப்பைக் களி. அகத்திக்கீரை.

என்ன நடந்தது என்று எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலைமயிரைப் பிடித்தேன். சுவரில் மோதினேன். ரெண்டாவது தடவையும் மோதினேன். கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தேன், ஆறிய காலால். "ஆடாடீ நான், ஆடா?" என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. வயிற்றைச் சுருட்டிக்கொண்டு, இடுப்பில் இருந்த மிஷினை மட்டும் ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்து ரவிக்கை பூராவும் ரத்தம். கதவைப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"பஞ்சு, மத்தியானம் ஒண்ணும் திங்கல... படபடன்னு வருது. சீனித் தண்ணி கொண்டா" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. நகர்ந்து என் எதிரே வந்தாள். மிஷினை எடுத்தாள். என் இடதுகை நடுவிரலைப் பிடித்தாள். இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை. குத்தினாள். துளி ரத்தம் தொட்டு வைத்தாள். நாங்கள் ரெண்டு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்தோம்.

நூற்றி நாலு.

"ஏங்க, நூத்தி நாலு" என்றாள். "டாக்டரம்மா இதத்தான் நார்மலுங்கிறாங்க. இல்லையா?"

என் விரலை விட்டாள்.

"அப்ப இப்ப என்னைய அடிச்சது யாரு?"

"பஞ்சு..."

"அன்னிக்கு சீனித் தண்ணி குடிச்சீகள்ல, அன்னிக்கே எனக்குச் சந்தேகம். ஆனா நம்பணும்னு ஆசைங்க. இத்தன வருசமும் அது சுகருதான், நீங்க இல்லன்னு நம்பிட்டா, மனசுக்கு எம்புட்டு லேசா இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு நாளும் கீரை ஆயும்போது, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், எம் புருசன் எனக்கு வந்துருவாருன்னு கும்பிட்டுக்கிட்டே ஆஞ்சேன். இப்ப எல்லாம் இறங்கிருச்சு. மிச்சம் இருக்கது நீங்க மட்டுந்தான்."

தவசிக்குப் போன் போட்டாள். வந்தான். அக்காள் முகத்தைப் பார்த்தவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். சட்டைக் கைக்கு வெளியே என் வெட்டு நீளமாகத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "மாப்ள, சுகரு இறங்கிருச்சுடா. எனக்கே தெரியல."

அவன் அக்காளைப் பார்த்தான்.

"இறங்கல" என்றாள்.

தவசி பையை எடுத்துக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பச்சப்பயறு ஊறப் போட்டிருக்கேன், காலைல வேகவச்சுக்கங்க. மாத்திரை ஒண்ணுதான். பட்டினி கிடக்காதீங்க" என்றாள். மிஷினை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 14

காலை 98. சித்திரை ஒண்ணு. பயறு வேகவைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 17

காலை 106. அகத்திக்கீரை ஆயத் தெரியவில்லை. காம்போடு போட்டுவிட்டேன், ஒரே கசப்பு. தின்றேன்.

தவசி வேலைக்கு வரவில்லை. எதிர்க்கடையில் நிற்கிறான். அங்கே சில்லுத் தெறிக்காமல் வெட்டுகிறான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வியாபாரம் இல்லை. எலும்பு அதிகம் என்று முன்பு சொன்னவர் வந்தார். பழக்கத்தில், "பாத்துப் பேசுங்கண்ணே, சுகரு" என்றேன். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 24

சிவகாசிக்குப் போன் போட்டேன். தாமரைதான் எடுத்தாள்.

"அம்மாவ வரச் சொல்லுத்தா. எனக்கு ஒடம்பு சரியில்ல."

"சுகர் எவ்வளவு இருக்குப்பா?"

பின்னால் பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாமரை இதைக் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது. பஞ்சவர்ணம் பக்கத்தில்தான் இருக்கிறாள். நாற்பது என்று சொன்னால் ஓடிவந்துவிடுவாள், எனக்குத் தெரியும். முந்நூறு என்றாலும் வருவாள். ஒரு பொய் நம்பர் போதும். கால் போகப்போகிறது என்று சொன்னால் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஏறுவாள்.

மிஷின் மடியில் இருந்தது. சற்று முன்புதான் குத்திப் பார்த்திருந்தேன்.

"நூத்தி ஒண்ணு" என்றேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

போன் போட்ட கையை விளக்குக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன். நடுங்கவே இல்லை.